மாதம் நாற்பதாயிரம் என்கிறார்கள்: லாரி டிரைவர் கூலியின் உள்கணக்கு

ராசிபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு வருஷமாகச் சின்ன யானை (டாடா ஏஸ் குட்டி லாரி) ஓட்டுகிறேன். ஹெவி லைசென்ஸ் எடுத்து நாமக்கல்லில் ஒரு லாரியில் ஏறிவிடலாமா? வடநாட்டு லைன் போனால் மாதம் நாற்பதாயிரம் வரும் என்கிறார்கள். உண்மையா? படுகிற பாட்டுக்கு அந்தப் பணம் தகுமா?"

நாற்பதாயிரத்தை ஒட்டி வரும் என்பது பொய் இல்லை, தம்பி. ஆனால் அது எத்தனை மணி நேரத்துக்கான கூலி, எத்தனை பேர் வேலைக்கான கூலி என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நான் ஸ்டீயரிங் பிடித்தவன் இல்லை. முதலில் புக்கிங் ஆபீசிலும் பிறகு ஓனர்களிடமும் டிரிப் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அந்த நோட்டுக் கணக்கையே விரித்துக் காட்டுகிறேன். தகுமா தகாதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், லாரியில் 'சம்பளம்' என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு படி, அதாவது அந்த டிரிப்புக்கான கூலி, என்று பேசுகிற ஓனர் உண்டு, வாடகையில் இத்தனை சதவீதம் என்பவர் உண்டு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பவரும் உண்டு. மாதச் சம்பளமும் தினப் பேட்டாவும் சேர்த்துத் தருவது பெரிய கம்பெனிகளிலும் பார்சல் சர்வீஸ்களிலும்தான். இதற்கு மேல் 'மைலேஜ்' என்று ஒரு வரும்படி. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று ஓனர் கணக்கு வைத்திருப்பார். நீங்கள் பதமாக ஓட்டி 4.1 எடுத்தால் மிச்சமாகும் டீசல் உங்களுடையது. இந்த எல்லா முறைக்கும் பொதுவான ஒன்று, வண்டி ஓடினால்தான் பணம்.

ஒரு டெல்லி டிரிப்பை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் படித்தொகை நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டது. ஓனருக்கு ஓனர், சீசனுக்கு சீசன் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. நாமக்கல்லிலிருந்து சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் வழியாக 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் டெல்லி சுமார் 2,450 கிலோமீட்டர். போய்வர 4,900. 12 சக்கர வண்டி, தனி டிரைவர். படி 22,000 ரூபாய் என்று பேசியாயிற்று. 4.1 மைலேஜ் எடுத்தால் போய்வருவதில் கிட்டத்தட்ட 30 லிட்டர் மிச்சம். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 2,750. ஆக மொத்தம் 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முழுதாக 25,000 என்றே வைப்போம்.

இந்த டிரிப் முடிய எத்தனை நாள் ஆகும்? போக ஆறேழு நாள், வர ஆறேழு நாள். டெல்லியில் லோடு இறக்கக் காத்திருப்பு, அப்புறம் ரிட்டர்ன் லோடு அமையும் வரை டிரான்ஸ்போர்ட் நகரில் படுத்துக் கிடப்பது. எல்லாம் சேர்ந்து 20 நாள் என்பது நல்ல டிரிப். சாப்பாடு, டீ, குளியல், செல்போன் ரீசார்ஜ் என்று நாளைக்கு 400 ரூபாய் சிக்கனமான செலவு; 20 நாளுக்கு 8,000. வீட்டுக்கு வருவது 17,000.

இப்போது மணிக்கணக்குப் போடுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஸ்டீயரிங் பிடித்த நேரம் 120 மணிக்குச் சற்று மேல். 17,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 135, 140 ரூபாய் வருகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 20 நாளில் வண்டியை விட்டு நகர முடியாத 480 மணி நேரமும் நீங்கள் வேலையில்தான் இருக்கிறீர்கள். அதால் வகுத்தால் மணிக்கு 35 ரூபாய். தூக்கத்தையும் ஓய்வையும் தாராளமாகக் கழித்து, நாளைக்கு 12 மணி நேரம்தான் வேலை என்று வைத்தாலும் 70 ரூபாய். நாள் கணக்கில் 850. நாமக்கல் பக்கம் இன்றைக்குக் கொத்தனார் ஒருவர் ஆயிரத்துக்குக் குறைந்து வரமாட்டார். காலை வந்தால் சாயங்காலம் வீடு போய்ச் சேர்கிறார்.

அந்த நாற்பதாயிரம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. 20 நாளுக்கு 25,000 என்றால், வீட்டுக்கே போகாமல் அடுத்த டிரிப் ஏறினால் 30 நாளுக்கு 37,500. இதைத்தான் நாற்பதாயிரம் என்கிறார்கள். சாப்பாட்டுச் செலவு 12,000 அதிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். டிரிப்புக்கு நடுவில் ஐந்து நாள் வீட்டில் இருந்து பிள்ளைகள் முகம் பார்க்கிற மனிதருக்கு, கையில் நிற்பது மாதம் 20,000 சொச்சம்.

என் பார்வையில் இந்தத் தொழிலில் கூலி குறைந்து போவது படியில் இல்லை, காத்திருப்பில்தான். தொழிற்சாலை வாசலில் இரண்டு நாள் நின்றால் 'ஹால்ட்டிங்' என்று ஒரு தொகை பேச்சில் உண்டு. அது பார்ட்டியிடமிருந்து, அதாவது சரக்குக்காரரிடமிருந்து, டிரான்ஸ்போர்ட்டுக்கு வந்து, புரோக்கரைத் தாண்டி, ஓனரிடம் வருவதற்குள்ளேயே தேய்ந்துவிடும். டிரைவர் கைக்கு வந்ததை நான் அபூர்வமாகத்தான் எழுதியிருக்கிறேன். காத்திருக்க வைப்பவருக்குக் காசு செலவு இல்லை என்றால் அவர் ஏன் சீக்கிரம் இறக்கப்போகிறார்? இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் தொலைதூர டிரைவர்களில் பெரும்பகுதியினருக்கு மைல் கணக்கில்தான் கூலி. அங்கே 1938-ல் வந்த கூலிச் சட்டமே மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் டிரைவர்களை ஓவர்டைமிலிருந்து விலக்கி வைத்தது. கிடங்கு வாசலில் நிற்கும் நேரத்துக்குக் காசு இல்லை என்ற புலம்பல் அங்கேயும் அப்படியே கேட்கும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. சரக்கோடு போகும் இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டுக்கு அரசு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அவகாசம் தருகிறது. டெல்லிக்கு 13 நாள் கிடைக்கும். பார்ட்டி கேட்பது ஆறு நாள். சரக்கின் காகிதத்துக்கு இருக்கும் நிதானம் அதை ஓட்டுகிற ஆளுக்கு இல்லை.

சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா என்றால், சொல்லியது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரும் வரை நடப்பில் இருந்த 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்றது. நீண்ட தூர வழித்தடங்களில் அனுமதி பெற்றால் 10 மணியும் 54 மணியும் வரை. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. நம் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று வண்டி வைத்திருப்பவர்களே அதிகம். அவர்களிடம் போய் யார் பதிவேடு கேட்பது? சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் பவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் லாரி டிரைவர்கள் சராசரியாக நாளைக்கு 12 மணி நேரம் ஓட்டுவதாக வந்தது. இந்த வேலைக்கு வா என்று தன் சொந்தக்காரர்களைக் கூப்பிடமாட்டோம் என்று அதில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சொல்லியிருந்தார்கள்.

அடுத்தது ஆள் கணக்கு. முன்பெல்லாம் ஒரு லைன் வண்டியில் இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் என்று மூன்று பேர் இருப்பார்கள். கிளீனராக ஏறிய பையன் தார்ப்பாய் போடவும் கயிறு கட்டவும் டயர் கழற்றவும் கற்று, ராத்திரி காலி ரோட்டில் வண்டியை வாங்கி ஓட்டிப் பழகி, மூன்று நான்கு வருஷத்தில் டிரைவராவான். இந்தத் தொழிலின் பள்ளிக்கூடமே அதுதான். படிப்பு பரவியதும் கிளீனர் வேலைக்கு வர ஆள் இல்லாமல் போயிற்று. நாடு முழுக்க ஓட அனுமதி உள்ள நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியை 2018-ல் மத்திய அரசு எடுத்துவிட்டது. இன்று ஒரே ஆள்தான் வண்டி ஓட்டுகிறார், தார்ப்பாய் போடுகிறார், லோடு எண்ணுகிறார், ராத்திரி டீசல் திருட்டுக்கும் காவல் கிடக்கிறார். தனி டிரைவருக்குப் படி கூட்டித் தருகிறார்கள், உண்மைதான். ஒன்றரை ஆள் கூலி கொடுத்து மூன்று ஆள் வேலை வாங்குகிறார்கள் என்பதும் உண்மைதான்.

ஆள் பஞ்சம் எந்த அளவு என்றால், 2025 மார்ச்சில் தென்மாநில கேஸ் டேங்கர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் எதிர்த்த எண்ணெய் நிறுவன டெண்டர் நிபந்தனைகளில் ஒன்று, வண்டியில் இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் அபராதம் என்பது. வேண்டாம் என்று ஓனர்கள் வீம்பு பிடிக்கவில்லை. ஆளை எங்கே தேடுவது என்று கேட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் கூலி ஏற வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. லாரித் தொழிலில் அது மெதுவாகத்தான் நடக்கிறது. ஏன் என்பதற்கு ஓனர் பக்கமும் பார்க்க வேண்டும்.

ஓனரைக் கொடுமைக்காரராக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அதே டெல்லி டிரிப்பில் போக மட்டும் டீசல் 600 லிட்டருக்கு மேல், 55,000 ரூபாயைத் தாண்டும். சுங்கம் ஃபாஸ்டேகில் தானாகக் கழியும். 35 லட்சம் கடனை ஐந்து வருஷத்தில் பத்தரை சதவீத வட்டியில் கட்டினால் மாதத் தவணை 75,000. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் 20 டன்னிலிருந்து 40 டன் வரையான வண்டிக்கு 2022 கட்டணப்படி ஆண்டுக்கு 43,950 ரூபாய், வரி தனி. பன்னிரண்டு டயர் தேய்மானத்தை நான் இங்கே எழுதவே இல்லை. 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பைக் கூட்டினார்கள். 10 சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. ஒரு புது வண்டிகூட வாங்காமல் நாட்டில் லாரிக் கொள்ளளவு ஒரே உத்தரவில் கூடிவிட்டது, சரக்கு கூடவில்லை. வாடகை எப்படி ஏறும்? டீசல், சுங்கம், தவணை, இன்சூரன்ஸ் எதையும் ஓனர் பேரம் பேசிக் குறைக்க முடியாது. அவர் கை வைக்கக்கூடிய ஒரே செலவு டிரைவர் படி. அதனால்தான் எல்லா நெருக்கடியும் கடைசியில் அங்கே வந்து இறங்குகிறது.

படியிலேயே பிடித்தமும் உண்டு. சரக்கில் இரண்டு மூட்டை குறைந்தால், ஒரு பெட்டி நனைந்தால், டயர் வெடித்தால், 'டிரைவர் கணக்கில்' என்று எழுதச் சொல்வார்கள். அதிக லோடுக்கு அபராதம் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. லோடு ஏற்றச் சொன்னவர் ஒருவர், வழியில் மாட்டிக்கொண்டு போன் போட்டுக் கெஞ்சுபவர் இன்னொருவர். இதையெல்லாம் வேலையில் சேரும் முன்பே பேசிவிட வேண்டும். நிறையப் பேர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

விபத்து பற்றி. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுக் குற்றவியல் சட்டம் வந்தபோது 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியது நினைவிருக்கும். ஆள் இறந்து, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் போனால் பத்து ஆண்டு வரை சிறை என்ற பிரிவு அது. 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் 106(1) நடைமுறைக்கு வந்துவிட்டது: கவனக்குறைவால் மரணம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-யில் உச்சம் 2 ஆண்டு, இப்போது 5 ஆண்டு. வழக்கு நாக்பூரில் என்றால் வாய்தாவுக்கு நாக்பூர்தான் போக வேண்டும். அந்தப் போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது என்பது பேசப்படாத ஒன்று.

டிரைவருக்கே ஏதாவது ஆனால்? 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு வரும் வரை நடப்பில் இருந்த 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கைச் சொல்கிறேன். வேலையில் இறந்தால் மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கினார்கள். 2020-லிருந்து கூலி எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் வந்தது. 35 வயதுக்குக் காரணி 197.06. ஆக 7,500-ஐ அதால் பெருக்கினால் 14.78 லட்சம் ரூபாய். அந்த 15,000-ஐ நிரூபிக்கவே ஒரு சீட்டு வேண்டும். டிரிப் படி முழுக்கக் கையில் வாங்கி, எங்கேயும் கையெழுத்து இல்லை என்றால், அந்த வீட்டுப் பெண் கோர்ட்டில் என்னத்தைக் காட்டுவாள்? படியைப் பாதியாவது வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள் என்று நான் எல்லாரிடமும் நச்சரிப்பது இதற்காகத்தான். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, சொந்த வண்டி? "டிரைவரா இருந்து ஓனரா ஆயிட்டார்" என்ற கதை நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் தெருவுக்கு ஒன்று உண்டு, அவை மெய்தான். பழைய லாரிக்குக் கடன் கொடுக்கும் பைனான்ஸ் தொழில் தமிழ்நாட்டில் வேர்விட்டதே இப்படி ஏறி வந்தவர்களை நம்பித்தான். ஆனால் அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் அண்ணன் ஒரு வண்டி, தம்பி ஒரு வண்டி, மச்சான் பட்டறை என்று ஒரு குடும்பமே கைகொடுத்திருக்கும். தனி ஆள் தவணை வண்டி எடுத்து, சந்தை லோடை மட்டும் நம்பி ஓடினால், டிரைவர் கூலியைத்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். சொந்த வண்டியை ஓட்டுகிற நாளுக்கும் உங்களுக்கு ஒரு படி எழுதிக் கழித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சினால்தான் அது லாபம்.

அப்படியானால் லாரிப் பக்கமே போக வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். லாரி ஓட்டுவது என்பது ஒரே வேலை இல்லை. காத்திருப்பு எங்கே குறைவோ அங்கே கூலி தகும் என்று வைத்துப் பாருங்கள். இரவு புறப்பட்டு விடிகாலை ஊர் சேரும் பார்சல் லைனில் நேரம் நிலையானது, போன இடத்தில் லோடு தயாராக நிற்கும், படி சற்றுக் குறைவானாலும் மணிக்கணக்கில் அது மேல். கோவை, சென்னை ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டிகளில் மாதச் சம்பளம், பி.எஃப்., ஓவர்டைம் என்று ஒழுங்காகப் போகிற கம்பெனிகள் இருக்கின்றன. உடம்பு அலுப்புக்குக் குறைவில்லை, ஆனால் வீட்டில் தூங்கலாம். கேஸ் டேங்கர் எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஓடுவதால் ரிட்டர்ன் லோடு தேடும் அவஸ்தை இல்லை. பிளான்ட்டில் வரிசை மட்டும் உண்டு. துறைமுகக் கன்டெய்னர் டிரெய்லரில் டிரிப் கணக்கு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எண்ணூர் சாலையில் நாள்கணக்கில் நின்றவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோடு ரிக் வண்டி வேறு உலகம்: மாதக்கணக்கில் வெளிமாநிலம், குழுவாகச் சமைத்துச் சாப்பாடு, ஊர் திரும்பும்போது மொத்தமாகப் பணம். சாப்பாட்டுச் செலவு உங்கள் பையிலிருந்து போகாததால் கையில் நிற்பது அதிகம். வளைகுடாவுக்கு டிரெய்லர் ஓட்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கேயும் அந்த ஊர் லைசென்ஸ் கைக்கு வரும் வரை கையைப் பிசைய வேண்டும், ஏஜென்ட் பணம் வேறு.

2025-லிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று வந்திருக்கிறது. மே மாதத்தில் நாக்பூர் தாண்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். புது வண்டி ஓனரிடம் சேர்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

உங்களுக்கு என்றால், தம்பி, நான் சொல்வது இது. சின்ன யானையில் இரண்டு வருஷம் ஓட்டிய கை இருக்கிறது, 20 வயதும் தாண்டியிருப்பீர்கள், ஹெவி லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், அது வீணாகாது. வடநாட்டு லைனில் ஓரிரு வருஷம் ஓடுவதானால், அனுபவத்துக்கான காலம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு டிரைவர் போடுகிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். தனியாக ஏறினால் பழைய டிரைவரிடம் கற்க வேண்டியது எதுவும் கிடைக்காது. அதற்குள் அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியை முடித்து லைசென்ஸில் பதிவு வாங்கிவிட்டால் டேங்கர் பக்கம் வாசல் திறக்கும். அந்தப் பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

ஓனரிடம் பேச உட்காரும்போது "டிரிப்புக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். போன மூன்று டெல்லி டிரிப் எத்தனை நாளில் முடிந்தது, அந்த நோட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இரண்டாம் நாளுக்கு மேல் நின்றால் நாளுக்கு எவ்வளவு, சரக்குக் குறைந்தால் யார் கணக்கு, வாய்தா செலவு யாருடையது என்று கேளுங்கள். நோட்டைக் காட்டாத ஓனரிடம், படி ஐயாயிரம் கூடுதலாகச் சொன்னாலும், நான் என் வீட்டுப் பையனைச் சேர்க்கமாட்டேன்.